கீழே நூடுல்ஸ்... மேலே யுத்தம்!

வியட்நாம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?

ஹெலிகாப்டர் பறக்கும், காடு பற்றி எரியும், நெற்றியில் துணி கட்டின ஹாலிவுட் ஹீரோ சேற்றிலிருந்து எழுந்து படபடன்னு சுடுவார்... அதுதானே? எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அந்த லட்சணத்தில்தான் முதுகில் ஒரு பை, பைக்குள் அம்மா திணித்த ஊறுகாய் பாட்டில் சகிதம் ஹோ சி மின் சிட்டியில் தனியாகப் போய் இறங்கினேன். ஊர்க்காரர்கள் இன்னமும் ‘சாய்கான்’ என்று பழைய பெயரைத்தான் செல்லமாகச் சொல்கிறார்கள். நாமும் அப்படியே வெச்சுக்குவோம்.

கையில் இருந்தது ஒரே ஒரு நாள். ப்ளான் ரொம்ப சிம்பிள். யுத்தம் நடந்த இடங்களை எல்லாம் பார்த்துடணும், நடுநடுவே வயிறு முட்டச் சாப்பிடணும். இரண்டும் வேற வேற டிபார்ட்மென்ட்டுன்னு நினைச்சுட்டு இருந்தேன். முதல் கிண்ணத்திலேயே அந்த நினைப்பு காலி! வாங்க, அந்த நாளுக்கு உங்களையும் கூட்டிட்டுப் போறேன்.

காலை: சமாதான சூப்

முதல் பரீட்சை, ரோட்டைக் கடப்பது. சாய்கானில் பைக்குகள் ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். இடைவெளி கிடைக்கட்டும்னு நின்னா, ரிட்டர்ன் டிக்கெட் தேதியே வந்துடும். ரகசியம் இதுதான்: மெதுவா, ஒரே வேகத்தில் நடங்க. ஓடாதீங்க, திடீர்னு நிற்காதீங்க. அவங்களே உங்களைச் சுற்றிக்கொண்டு போயிடுவாங்க. நான் முதல் தடவை ஒரு பாட்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு கடந்தேன். வெட்கமே படலை!

போன இடம் லீ சின் தாங் தெரு, 7-ம் நம்பர். ‘ஃபோ பின்’ என்று ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. ‘ஃபோ’ என்பது வியட்நாமின் தேசிய நூடுல்ஸ் சூப். எழுதுறது ஃபோ, சொல்றப்ப ‘ஃபா’ன்னு கொஞ்சம் இழுக்கணும். மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, சுட்ட வெங்காயமும் இஞ்சியும் போட்டு, பட்டையும் அன்னாசிப்பூவும் சேர்த்து இறக்கும் சூப். மூக்கை மூடிக்கிட்டாதான் நம்ம ஊர் பிரியாணி ஞாபகம் வராது! அதில் மெல்லிய அரிசி நூடுல்ஸ். பக்கத்துத் தட்டில் கட்டுக்கட்டாகப் பச்சிலை, பயறு முளை, எலுமிச்சை, மிளகாய். எல்லாத்தையும் நீங்களே பிய்த்துப் போட்டுக்கணும். மாட்டிறைச்சி வேண்டாம்னா ‘ஃபோ கா’ன்னு கேளுங்க, கோழியில் வரும்.

இந்தக் கடையின் விசேஷம் சூப் மட்டும் இல்லை. யுத்த காலத்தில் இங்கே அமெரிக்க சிப்பாய்கள் சாப்பிட வருவார்கள். அவர்கள் தலைக்கு மேலே, மாடி அறையில், அவர்களைத் தாக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது வியட்காங் கெரில்லா படை. கீழே ஆர்டர் எடுப்பார்கள், மேலே ஆர்டர் கொடுப்பார்கள்!

கதை புரிய ரெண்டு நிமிஷம் ஹிஸ்டரி. பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றுப் போக, வியட்நாம் இரண்டாகப் பிரிந்தது. வடக்கே ஹோ சி மின்னின் கம்யூனிஸ்ட் அரசு. தெற்கே அமெரிக்க ஆதரவோடு இன்னொரு அரசு, அதன் தலைநகர் சாய்கான். தெற்கிலேயே அந்த அரசை எதிர்த்து கெரில்லாக்கள் கிளம்பினார்கள். 1965-ல் அமெரிக்கத் தரைப்படை நேரடியாக வந்து இறங்கியது. உச்சத்தில் 5 லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க சிப்பாய்கள் இங்கே இருந்தார்கள். நாம ‘வியட்நாம் போர்’ங்கிறோம். அவங்க ஊரில் அதன் பெயர் ‘அமெரிக்கப் போர்’!

1968 ஜனவரி கடைசி. ‘டெட்’ எனப்படும் சந்திரப் புத்தாண்டு. நம்ம தீபாவளி, பொங்கல் ரெண்டையும் சேர்த்த மாதிரி ஒரு பண்டிகை. ஊரே வெடி வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில், 80 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களை ஒரே சமயத்தில் தாக்கினார்கள். சாய்கானில் அமெரிக்கத் தூதரகத்தின் சுவரையே ஓட்டை போட்டு உள்ளே புகுந்தார்கள். சாய்கான் தாக்குதலுக்கான ரகசிய ஆபீஸ் இந்த நூடுல்ஸ் கடையின் மாடி. பிறகு கடைக்காரரும் கைதாகி சிறைக்குப் போனார்.

ராணுவக் கணக்கில் டெட் தாக்குதல் தோல்விதான். கெரில்லாக்களில் ஏராளமானோர் செத்துப் போனார்கள். ஆனால், ‘ஜெயிச்சுக்கிட்டே இருக்கோம்’ என்று கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்க மக்கள், தூதரகத்துக்குள் சண்டை நடப்பதை டி.வி-யில் பார்த்தார்கள். அந்த மார்ச் 31-ம் தேதி ஜனாதிபதி ஜான்சன், அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

மாடி ஏறிப் பார்த்தால் சாதாரண அறை, பழைய போட்டோக்கள். இறங்கி வந்து மிச்ச சூப்பைக் குடிக்கும்போதுதான், ‘ஃபோ பின்’னில் உள்ள ‘பின்’னுக்கு என்ன அர்த்தம்னு விசாரிச்சேன். சமாதானமாம்!

முற்பகல்: மண்ணுக்குள் ஒரு ஊர்

அடுத்து கூச்சி. தனியாகப் போறவங்களுக்கு அரைநாள் டூர் பஸ்தான் வசதி. கூச்சி சுரங்கங்களில் டூரிஸ்ட் பார்க்க இரண்டு இடங்கள் உண்டு: பென் டின், பென் டுவாக். எங்கள் பஸ் போனது கிட்டே இருக்கும் பென் டின்னுக்கு. கைடு ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அண்ணன். வழி முழுக்க ஜோக் அடித்துக்கொண்டே வந்தார்.

பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த 1940-களிலேயே தோண்ட ஆரம்பித்த சுரங்கம் இது. மண்வெட்டியும் கூடையும்தான் மெஷின். அமெரிக்கர்கள் வந்த காலத்தில் சுமார் 250 கிலோமீட்டர் நீளத்துக்கு, மூன்று அடுக்காக வளர்ந்து விட்டது. உள்ளே படுக்கை அறை, ஆஸ்பத்திரி, ஆயுதப் பட்டறை, மீட்டிங் ஹால். காமெடி என்னன்னா, அமெரிக்காவின் 25-வது காலாட்படை டிவிஷன் கூச்சியில் தன் முகாமை அமைத்ததே இந்தச் சுரங்கங்களுக்கு மேலேதான். ராத்திரி எங்கிருந்து சுடுகிறார்கள் என்று புரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்களாம்.

சமையலறைதான் என்னை அசத்தியது. நிலத்துக்கு அடியில் சமைச்சா புகை மேலே போய் காட்டிக்கொடுத்துடுமே? அதுக்கு ‘ஹோவாங் காம் அடுப்பு’ன்னு ஒரு டெக்னிக். பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில் ஹோவாங் காம் என்ற ராணுவ சமையல்காரர் கண்டுபிடித்ததாம். புகையை நீளமான மண் கால்வாய்கள் வழியே ஓடவிட்டு, ஆறவைத்து, அடுப்பிலிருந்து தள்ளி தரையோடு தரையாகக் கசியவிடுவது. விடியற்காலையில் சமைத்தால் பனிமூட்டத்தோடு கலந்துவிடும். இன்ஜினீயரிங் படிக்கிறவங்க நோட் பண்ணுங்க, அந்த மனுஷன் ஒரு சமையல்காரர்!

டூரிஸ்ட்டுகளுக்காக அகலப்படுத்தின ஒரு பகுதியில் நானும் இறங்கினேன். அகலப்படுத்தியும் குனிந்து, தவழ்ந்துதான் போகணும். இருட்டு, புழுக்கம், முன்னால் போறவரின் செருப்பு சத்தம் மட்டும் கேட்கும். நடுநடுவே வெளியே வர வழி வெச்சிருக்காங்க. முதல் வழியிலேயே வெளியே வந்துட்டேன். ஒருவேளை குறுகலான இடம் உங்களுக்கு ஒத்துக்காதுன்னா இறங்கவே வேணாம், ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. அந்தக் காலத்தில் மேலே பி-52 குண்டு போடும்போது, மலேரியாவோடும் தேளோடும் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தவர்களை நினைத்தால்... விடுங்க.

வெளியே வந்ததும் தட்டில் ஒரு அயிட்டம் வைத்தார்கள். பார்த்தா... அட, நம்ம மரவள்ளிக்கிழங்கு! சேலம் பக்கம் குச்சிக்கிழங்குன்னு சொல்வாங்களே, அதேதான். வேகவைத்து, உப்பும் சர்க்கரையும் பொடித்த வேர்க்கடலையும் தொட்டுச் சாப்பிடணும். கெரில்லாக்களுக்குப் பல நாட்கள் இதுதான் சாப்பாடு. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டான். நான் அவன் பங்கையும் காலி பண்ணினேன். பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பத்து தோட்டா... ஒரு போட்டோ!

கிழங்கு ருசி நாக்கில் இருக்கும்போதே, டமால் டமால்னு சத்தம். அது துப்பாக்கி சுடும் இடம். ஏ.கே.47, எம்-16 என்று வரிசையாக இருக்கும். தோட்டாவுக்கு இவ்வளவுன்னு காசு கட்டி, டார்கெட்டைச் சுடலாம். ‘ஏ.கே.47-னோட ஒரு போட்டோ அனுப்புடா’ன்னு ஃப்ரெண்ட்ஸ் ஏற்கெனவே மெசேஜ் போட்டிருந்தாங்க. நானும் பர்ஸை எடுத்துட்டேன்.

அப்போது பார்த்தால், நம்ம கைடு அண்ணன் மட்டும் தூரமாய் ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். பஸ்ஸில் அவ்வளவு ஜோக் அடித்தவர், ஒரு வார்த்தை பேசவில்லை. ‘நீங்க வரலையா?’ன்னு சும்மா கேட்டேன். தினமும் இந்தச் சத்தத்தைக் கேட்கிறேன், கிட்டே போய்க் கேட்கணும்னு ஆசை இல்லை என்றார். அப்புறம் அவராகவே சொன்னார்.

அவருடைய அப்பா தெற்கு ராணுவத்தில் சிப்பாய். அம்மாவின் தம்பி இந்தக் கூச்சிப் பக்கத்தில் கெரில்லா. ஒரே வீட்டில் இரண்டு பக்கம்! மாமா யுத்தத்திலேயே போய்விட்டார். யுத்தம் முடிந்ததும் அப்பா ‘மறு கல்வி முகாம்’ என்ற பெயரில் சில வருஷம் அடைபட்டிருந்து, திரும்பி வந்து, பிற்பாடு காலமானார். இப்போது வீட்டு பூஜை மேடையில் இரண்டு பேர் போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதாம்.

வியட்நாம் வீடுகளில் முன்னோர்களுக்கு ஒரு மேடை வைத்து ஊதுபத்தி ஏற்றுவது வழக்கம். நம்ம திதி மாதிரி, இறந்த நாளில் அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்குப் பெயர் ‘ஸோ’. மாமா திதிக்கு ஒரு மெனு, அப்பா திதிக்கு ஒரு மெனு. இரண்டுக்கும் சமைக்கிறது அம்மாதான் என்றார்.

நான் பர்ஸை மூடி பைக்குள் வெச்சேன். சுடுறது தப்புன்னு உங்களுக்கு உபதேசம் பண்ண வரலை பாஸ். அந்த நேரத்தில் எனக்கு அந்த போட்டோ வேண்டாம்னு தோணிச்சு, அவ்வளவுதான்.

மதியம்: உடைந்த அரிசி, உடைந்த கேட்

சாய்கான் திரும்பும்போது நல்ல பசி. பிளாட்பாரத்தில் குட்டியூண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்ட கடையில் ‘கொம் தம்’. அர்த்தம், உடைந்த அரிசிச் சோறு. அட, நம்ம நொய்தான்! அரிசி மில்லில் உடைந்துபோன, விலை போகாத நொய்யை ஏழைகள் சமைத்துச் சாப்பிட்டார்கள். இன்னிக்கு அதுதான் சாய்கானின் பெருமை. மேலே கரியில் சுட்ட பன்றி இறைச்சி, முட்டை, ஊறுகாய் போட்ட காய், மீன் சாஸ். பன்றி வேண்டாதவர்களுக்கு பல கடைகளில் கோழியும் உண்டு.

சாப்பிட்டதும் சுதந்திர அரண்மனை. 1966-ல் கட்டி முடித்த ஜனாதிபதி மாளிகை, டிசைன் பண்ணினவர் வியட்நாமிய ஆர்க்கிடெக்ட் நோ வியட் தூ. மாடியில் ஹெலிகாப்டர், கீழே பங்கர், சுவர் நிறைய மேப்புகள், பழைய போன்கள். தெற்கு அரசின் கடைசி நாள் அப்படியே உறைந்துபோன மாதிரி இருக்கிறது.

1975 ஏப்ரல் 30, காலை. வடக்குப் படையின் டாங்குகள் இந்த கேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தன. யுத்தம் முடிந்தது. முதலில் நுழைந்தது எந்த டாங்க்? 843-ம் நம்பர் என்றுதான் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த டாங்கின் கமாண்டர் புய் குவாங் தான், ஓடிப்போய் மாடியில் கொடியும் ஏற்றினார். ஆனால் உண்மையில் 843 பக்கவாட்டு கேட்டில் மோதி நின்றுவிட்டது. மெயின் கேட்டை உடைத்து நுழைந்தது 390-ம் நம்பர் டாங்க். இதை நிரூபித்தது ஒரு போட்டோ! ஃபிரான்ஸ்வாஸ் தெமுல்தே என்ற பிரெஞ்சுப் பெண் போட்டோகிராஃபர் அன்றைக்கு எடுத்தது. ஏறக்குறைய இருபது வருஷம் கழித்துத்தான் 390-ல் இருந்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது. ஜெயித்தவர்களின் சரித்திரத்திலேயே இப்படி ஒரு திருத்தம் என்றால், தோற்றவர்களின் கதை?

மாலை: இரண்டு பக்கமும் ஒரே சுவரில்

அந்தக் கேள்வியோடுதான் போர் எச்சங்கள் மியூசியத்துக்குள் நுழைந்தேன். இதை மனசு லேசாக இருக்கும்போது பாருங்க, சாப்பிட்ட உடனே வேண்டாம். 1975 செப்டம்பரில் திறந்தபோது இதன் பெயரிலேயே ‘அமெரிக்கக் குற்றங்கள்’ என்று இருந்தது. 1995-ல் இரண்டு நாடுகளும் ராஜ உறவை ஏற்படுத்திக்கொண்ட வருஷம் இப்போதைய பெயர் வந்தது.

ஒரு அறை முழுக்க ஏஜென்ட் ஆரஞ்ச். கெரில்லாக்கள் ஒளியும் காட்டை அழிக்க, 1961 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் தெளித்த களைக்கொல்லிகள் 7 கோடி லிட்டருக்கும் மேல். அதில் கலந்திருந்த டையாக்ஸின் விஷம், அடுத்தடுத்த தலைமுறையையும் தொடர்வதாக வியட்நாம் சொல்கிறது. அந்தக் குழந்தைகளின் போட்டோக்கள்... கண்ணைத் திருப்பிக்கொண்டேன், வெட்கமாக இருந்தது, திரும்பவும் பார்த்தேன். டா நாங் விமான நிலையத்து மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை அமெரிக்க நிதியோடு நடந்து 2018-ல்தான் முடிந்தது. தெளித்தது பத்து வருஷம், கழுவ எத்தனை வருஷம் பாருங்க!

இன்னொரு போட்டோ நீங்க பார்த்திருப்பீங்க. உடை எரிந்து, அலறிக்கொண்டு ரோட்டில் ஓடிவரும் சிறுமி. 1972 ஜூன் 8, த்ராங் பாங். காலையில் கூச்சிக்குப் போனோமே, அந்தப் பக்கத்து நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் அந்த ஊர். சிறுமியின் பெயர் கிம் ஃபுக். அன்று நாபாம் குண்டு போட்டது தெற்கு வியட்நாம் விமானம். அவர் பிழைத்து, கனடாவில் குடியேறி, சமாதானத்துக்காகப் பேசிவருகிறார். எடுத்தவர் நிக் உட் என்றுதான் உலகம் சொல்லிவந்தது. 2025-ல் அதிலும் சர்ச்சை கிளம்ப, வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு அவர் பெயரை நிறுத்திவைத்தது. ஏ.பி. நிறுவனம் அவர் பெயரை மாற்றவில்லை.

ஆனால் இந்த மியூசியத்தில் நம்ம கைடு அண்ணனின் அப்பாவைத் தேடினால் கிடைக்கமாட்டார். தெற்கு சிப்பாய்களின் கதை இல்லை. மறு கல்வி முகாம் இல்லை. 1975-க்குப் பிறகு படகில் தப்பித்து வேறு நாடுகளில் கரை சேர்ந்த சுமார் 8 லட்சம் பேர் இல்லை. கடலிலேயே போனவர்களும் இல்லை. இங்கே காட்டுவதெல்லாம் நடந்ததுதான், நடந்ததெல்லாம் இங்கே இல்லை.

கிளம்பலாம்னு நினைச்சப்ப, ‘ரெக்வியம்’ என்ற பகுதி கண்ணில் பட்டது. இந்தோசீனப் போர்களில் உயிர்விட்ட போட்டோகிராஃபர்கள் எடுத்த படங்கள். தொகுத்தவர்கள் ஹோர்ஸ்ட் ஃபாஸ், டிம் பேஜ் என்ற இரு போர்க்கள போட்டோகிராஃபர்கள். 1954-ல் கண்ணிவெடியில் இறந்த ராபர்ட் காபா, 1965-ல் இறந்த டிக்கி சப்பேல் என்ற பெண், 1971-ல் ஹெலிகாப்டரோடு போன லாரி பரோஸ். நிக் உட்டின் அண்ணன் ஹுவின் தான் மி-யும் 1965-ல் கேமராவோடு இறந்தவர்தான். இவர்களோடு வடக்கு வியட்நாம் போட்டோகிராஃபர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கர், பிரெஞ்சுக்காரர், ஜப்பானியர், வடக்கு, தெற்கு... எல்லாரும் ஒரே இடத்தில். எனக்கு அந்தக் கூச்சி வீட்டு பூஜை மேடைதான் ஞாபகம் வந்தது.

இரவு: ஒரு ஐஸ் காபி

வெளியே வந்ததும் ஒரு ‘கா ஃபே சுவா தா’. சின்ன உலோக ஃபில்டரிலிருந்து டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். கும்பகோணத்து ஃபில்டருக்கு ஒண்ணுவிட்ட தம்பி! பால் கிடைக்காத பிரெஞ்சுக் காலத்தில் ஆரம்பித்த பழக்கமாம், கண்டென்ஸ்டு மில்க், மேலே ஐஸ். பிரேசிலுக்கு அடுத்தபடி உலகத்தில் அதிகம் காபி விளைவிக்கும் நாடு இதுதான்.

ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தால், அன்று சாப்பிட்டது எல்லாமே யுத்தமும் பஞ்சமும் கடந்து வந்த சாப்பாடு. உளவாளிகளின் சூப், கெரில்லாவின் கிழங்கு, ஏழையின் நொய். யார் ஜெயிச்சா என்ன, யாரோ ஒரு அம்மா அடுப்பு மூட்டித்தான் ஆகணும்.

இந்தக் கதை நமக்கும் ரொம்ப தூரம் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் பாண்டிச்சேரி, காரைக்கால் தமிழர்கள் சிப்பாயாகவும் உத்தியோகஸ்தராகவும் வியாபாரியாகவும் சாய்கான் போனார்கள். ஊர் நடுவே அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, இன்று அங்கே அதிகம் கும்பிடுவது வியட்நாம்காரர்கள். சிலர் வியட்நாமியப் பெண்களைக் கல்யாணம் செய்து பாண்டிச்சேரி திரும்பினார்கள். அந்த வீடுகளில் இன்றும் ‘நெம்’ என்ற வியட்நாம் ரோல் பொரிக்கிறார்கள். அடுத்த தடவை பாண்டி போறப்ப பீச்சோடு திரும்பிடாதீங்க. அப்படி ஒரு வீட்டுப் பாட்டி கிடைச்சா, ஒரு நெம் வாங்கிக்கிட்டு பக்கத்தில் உட்காருங்க. துப்பாக்கி போட்டோவைவிட பெரிய கதை கிடைக்கும்.

கிளம்பும் முன்னே...

* இந்தியர்களுக்கு இ-விசா உண்டு, 90 நாள் வரை. அரசு இணையதளத்தில் மட்டும் அப்ளை பண்ணுங்க.

* ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். ஆயிரக்கணக்கில் பில் வந்தா மயக்கம் போடாதீங்க. 20 ஆயிரமும் 5 லட்சமும் ரெண்டுமே நீல நோட்டு. எண்ணிக் கொடுங்க.

* சைவமா? ‘சாய்’ என்ற வார்த்தையை மனப்பாடம் பண்ணுங்க. சைவச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி பௌத்தர்கள் பலர் சைவம்தான். இல்லேன்னா காய்கறியில்கூட மீன் சாஸ் ஒளிந்திருக்கும்!

* அரண்மனை சாயங்காலம் சீக்கிரமே மூடிடும். அதை முதலில் முடிச்சுட்டு மியூசியம் போங்க.

* மியூசியத்தில் செல்ஃபி வேண்டாமே, ப்ளீஸ்.